அஞ்சு சேத்துக்கோ

ஜனவரி 12

அன்புள்ள கண்ணுக்கு,

பெரியம்மா எழுதறது. இங்க நானும் பெரியப்பாவும் சாமி புண்ணியத்துல நல்லா இருக்கோம். அங்க நீ வேளாவேளைக்குச் சாப்பிடறியா? ஒர்க்‌ஷாப் புகையில இருமல் வந்துச்சுன்னியே, விட்டுச்சா?

நல்லா இருக்கோம்னு எழுதிட்டேன். கடுதாசின்னா அப்படித்தான ஆரம்பிக்கணும். போன்ல சொல்லலாம்னா, பெரியப்பா ஷெட்டுக்கும் நம்ம அடுப்படிக்கும் நடுவுல ஒத்தத் தகரம்தான். நான் தும்மினாக்கூட அங்கேருந்து "என்ன?"ங்கறாரு. அவரப் பத்தி அவரு காதுபட எப்படிப் பேசறது? அதான் எழுதறேன்.

அவரு குளியலறையில விழுந்தது உனக்குத் தெரியும். மூளையில சின்னதா ஒரு அடைப்புன்னு டாக்டர் சொன்னாரு. கைகால் திரும்பிடுச்சு, வார்த்தைதான் இடம் மாறி வருது. ஸ்பேனர் வேணும்னா "அந்தக் குடையை எடு"ங்கறாரு. முதல்ல நானும் வெயிலுக்கோ என்னமோன்னு குடையைக் கொண்டுபோய்க் குடுத்தேன். ஒரு பார்வை பாத்தாரு பாரு! இப்ப எனக்கு அவரு பாஷை பழகிட்டு வருது.

விஷயம் என்னன்னா, ரொட்டிக்காரர் வேன் என்ஜின் இங்க பிரிச்சுக் கெடக்கு. என்ஜினுக்கு மேல மூடி மாதிரி இருக்குமே, அந்தப் பழைய ஹெட்டு விரிசல் விட்டுப்போச்சு. பெரியப்பா அலமாரியில இருந்து வேற ஒரு ஹெட்டையும், ஒரு பெட்டி பிஸ்டனையும் அவராவே எடுத்து வச்சிருக்காரு. எடுத்தது விழுந்ததுக்கு அப்புறம். அதான் உன் அக்காவுக்குப் பயம். போன வாரம் வந்தவ அடுப்படியில நின்னு சொல்றா: "அம்மா, அப்பாவுக்குக் குடைக்கும் ஸ்பேனருக்கும் வித்தியாசம் தெரியல. இவரு சேக்கற என்ஜின் ரோட்டுல வெடிச்சா யாரு பதில் சொல்றது? தம்பிகிட்ட கேளு. அந்த ஹெட்டும் பிஸ்டனும் ஒண்ணுக்கொண்ணு பொருத்தம்னு அவன் சொல்லிட்டா நான் வாயத் திறக்க மாட்டேன். இல்லன்னா ஷெட்ட டைல்ஸ் கடைக்காரருக்குக் குடோனா விட்டுடலாம்."

அவ பெத்த மக, நல்லதுக்குத்தான் சொல்றா. ஆனா அந்த ஷெட்ட மூடிட்டா அவரு காலையில எந்திரிச்சு எங்க போவாரு, சொல்லு? நீதான் பாத்துச் சொல்லணும்.

சாமி உனக்குத் துணையிருக்கட்டும்.

உன் பெரியம்மா

*

ஜனவரி 24

அன்புள்ள பெரியம்மாவுக்கு,

வணக்கம். நான் நலம். இருமல் விட்டுவிட்டது. பெரியப்பா விழுந்தது தெரியும், பேச்சு இப்படித் தடுமாறுவதைப் பற்றி இத்தனை நாள் ஒரு வார்த்தை எழுதாமல் இருந்துவிட்டீர்களே.

நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். பிஸ்டன் கீழே இருக்கும்போது சிலிண்டருக்குள் எவ்வளவு இடம், மேலே ஏறிய பிறகு எவ்வளவு மிச்சம், இதுதான் கணக்கு. ஒன்பது பங்கை ஒரு பங்காக அமுக்கினால் கம்ப்ரஷன் ஒன்பது என்போம். தெருவில் ஓடுகிற வண்டிக்கு, சாதாரண பெட்ரோலுக்கு, ஒன்பதை ஒட்டி இருந்தால் நல்லது. பத்தைத் தாண்டினால் அந்த ரக இரும்பு ஹெட்டுக்குத் தாங்காது. உள்ளே டக்டக்கென்று தட்டும், பிஸ்டன் உடைந்துவிடும். எட்டரைக்குக் கீழே போனால் உடையாது, ஆனால் பாரம் ஏற்றினால் மேடு ஏறாமல் முனகும்.

மிச்ச இடத்தில் பெரும்பங்கு ஹெட்டுக்குள் இருக்கிற குழிதான். அதன் கொள்ளளவு எனக்கு வேண்டும். பார்சலில் துளை போட்ட கனமான பிளாஸ்டிக் தகடு ஒன்று அனுப்பியிருக்கிறேன். ஹெட்டைக் கவிழ்த்து, பிளக்கை மாட்டி, குழியின் விளிம்பில் கிரீஸ் தடவித் தகட்டை ஒட்டுங்கள். மருந்துக் கடையில் அஞ்சு மில்லி சிரிஞ்சு வாங்கி, மண்ணெண்ணெயைத் துளை வழியாக விடுங்கள். காற்றுக்குமிழி இல்லாமல் நிறையும்வரை எவ்வளவு பிடிக்கிறது என்று எண்ணி எழுதுங்கள். மற்ற அளவுகள் பெரியப்பாவின் நோட்டில் இருக்கும். பிஸ்டன் பெட்டியின் மேல் உள்ள எண்ணையும் எழுதுங்கள்.

பெரியப்பா எதிரில் அளக்க வேண்டாம். மனசு கஷ்டப்படும்.

உங்கள் மகன்

*

பிப்ரவரி 9

அன்புள்ள கண்ணுக்கு,

பெரியம்மாவோட ஆசீர்வாதம். உடம்பப் பாத்துக்கோ. இங்க எல்லாம் சுகம், எனக்கு மட்டும் கையெல்லாம் மண்ணெண்ணெய் வாசம். சோப்பு போட்டுப் போட்டு அரைக்கட்டி கரைஞ்சுபோச்சு.

நீ எழுதினத நாலு தடவ படிச்சேன். அப்புறம்தான் எனக்கு என் பாஷையில புரிஞ்சுது. தலகாணிக்குப் பஞ்சு அடைக்கற மாதிரி! ரொம்ப அமுக்கினா தையல் விட்டுப்போகும், கம்மியா அடைச்சா தல கட்டில்ல இடிக்கும். சரிதான? சரின்னா சரின்னு எழுது. தப்புன்னா எழுதாத, நான் நிம்மதியா இருந்துட்டுப் போறேன்.

பெரியப்பா முடிவெட்டப் போன நேரம் பாத்து சாமிய நெனச்சு ஆரம்பிச்சேன். ஒவ்வொரு குழிக்கும் ஆறு ஊசி முழுசா, அப்புறம் மூணு கோடு. ஆறஞ்சு முப்பது, மூணு, முப்பத்திமூணு. நாலு குழியும் அச்சா அதேதான். எனக்கே பெருமையா போச்சு. நோட்டுல இருந்த அளவெல்லாம், பிஸ்டன் பெட்டி நம்பரும், தனித்தாள்ல எழுதி இதோட வச்சிருக்கேன்.

மூணாவது குழியில இருக்கேன், அவரு திரும்பி வந்துட்டாரு. நான் சிரிஞ்சோட நிக்கறேன், முந்தானையில கிரீஸு. திட்டப் போறாருன்னு பாத்தா, திட்டல. ஸ்டூலப் போட்டு உக்காந்து நான் அளக்கறதையே பாத்தாரு. நான் முப்பத்திமூணுன்னு தாள்ல எழுதினதும் விரலால அதத் தட்டி, "அஞ்சு சேத்துக்கோ"ன்னாரு.

"என்ன அஞ்சு?"ன்னேன்.

"அஞ்சு. சேத்துக்கோ."

அவ்வளவுதான் வருது. மேற்கொண்டு கேட்டா வார்த்தை சிக்கி முகம் செவந்துபோகுது. சாயந்தரமும் அதே பேச்சு. அஞ்சு மணிக்குக் காபி கேக்கறாரோன்னு போட்டுக் குடுத்தேன். குடிச்சாரு. குடிச்சிட்டு டம்ளரத் திருப்பிக் குடுக்கும்போது, "அஞ்சு"ன்னாரு. எனக்கு ஒண்ணும் புரியல கண்ணு.

பெரியம்மா

*

பிப்ரவரி 20

அன்புள்ள பெரியம்மாவுக்கு,

நலம், நலமே விழைகிறேன். தலையணை உதாரணம் மிகச் சரி. இனி எங்கள் ஒர்க்‌ஷாப்பிலும் அதையே சொல்லப்போகிறேன்.

ஆனால் செய்தி நல்லதில்லை. அந்த ஹெட்டில் முப்பத்தெட்டு வாக்கில் இருக்கும் என்றுதான் நினைத்திருந்தேன். உங்கள் அளவு முப்பத்திமூன்று. நான்கு குழியும் ஒத்துப்போவதால் அளவில் பிழை இருக்க வழியில்லை. முன்பு யாரோ லேத்தில் கொடுத்து ஹெட்டின் அடிப்பக்கத்தை நிறையச் சீவி, குழியின் ஆழத்தைக் குறைத்திருக்கிறார்கள் போலிருக்கிறது. பெரியப்பா எடுத்து வைத்திருப்பது தட்டைத்தலைப் பிஸ்டன். இரண்டையும் சேர்த்தால் கம்ப்ரஷன் பத்து புள்ளி இரண்டு வருகிறது. ரொட்டி வண்டிக்கு ஆகாது. பழைய பெரியப்பாவாக இருந்தால் ஹெட்டைக் கையில் தூக்கியதுமே சொல்லியிருப்பார்.

தலையில் கிண்ணம்போல் குழி விழுந்த பிஸ்டன் ஒரு செட் அனுப்புகிறேன். அதைப் போட்டால் ஒன்பதே காலுக்கு இறங்கிவிடும்.

பெரியம்மா, ஒன்று கேட்கிறேன், மறைக்காமல் எழுதுங்கள். வார்த்தை தவிர வேறு என்னவெல்லாம் மறக்கிறார்?

உங்கள் மகன்

*

மார்ச் 14

அன்புள்ள கண்ணுக்கு,

ஆசீர்வாதம். இங்க வெயில் ஏறிடுச்சு. பெரியப்பா பசிச்சுச் சாப்பிடறாரு, நல்லாத் தூங்கறாரு. பக்கத்து வீட்டுப் பூனை நம்ம ஷெட்டுல, காலி கேஸ்கட் பெட்டிக்குள்ள மூணு குட்டி போட்டிருக்கு.

நீ அனுப்பின பிஸ்டன் வந்துச்சு. அவரு ஒண்ண எடுத்து, தலையில இருக்கற குழியில கட்டவிரல வச்சுத் தடவினாரு. ஹெட்டப் பாத்தாரு. என்னப் பாத்தாரு. திரும்பப் பெட்டியில வச்சு மூடி, சாக்பீஸால மூடி மேல 8.4-ன்னு எழுதி என் பக்கமா தள்ளி விட்டுட்டாரு. "முனகும்"னாரு. அந்த வார்த்த மட்டும் சுத்தமா வந்துச்சு. தன்னோட தட்டைப் பிஸ்டன் பெட்டி மேல 9.2-ன்னு எழுதி மேசை நடுவுல வச்சிருக்காரு.

நீ ஒன்பதே கால்ங்கறத அவரு எட்டு புள்ளி நாலுங்கறாரு. நீ பத்துங்கறத அவரு ஒம்பதுங்கறாரு. ரெண்டு பேரும் ஒரே பொருளத்தான் பாக்கறீங்களா? நடுவுல நான் யார நம்பறது? சாமி முன்னாடி உக்காந்து ரெண்டு எண்ணையும் சீட்டுல எழுதிப் போட்டுப் பாக்கலாமான்னு கூட நெனச்சேன். அப்புறம் என்ஜின் விஷயத்துல சாமிய இழுக்க வேண்டாம்னு விட்டுட்டேன்.

வேற என்ன மறக்கறாருன்னு கேட்டிருந்த. அப்படி ஒண்ணுமில்ல. பூனைக்குட்டி மூணும் கண்ணத் தொறந்துடுச்சு.

பெரியம்மா

*

ஏப்ரல் 6

அன்புள்ள கண்ணுக்கு,

ஆசீர்வாதம். மூணு வாரமா உன்கிட்டேருந்து பதில் இல்ல. தபால் போட்டா வரலையா, போடவே இல்லையா? திரும்ப இருமலா? ரெண்டு வரி எழுதிப் போட்டா என்ன?

உன் அக்கா போன் பண்ணினா. மே மாசம் முதல் ஞாயித்துக்கெழம டைல்ஸ்காரரக் கூட்டிட்டு வராளாம், அவரு ஷெட்ட அளந்து பாக்கணுமாம். "அப்பா சேத்தது பத்து புள்ளி ரெண்டு வருதும்மா, ஆபத்து"ங்கறா. நான் அவகிட்ட எந்த எண்ணும் சொல்லலையே. அவளுக்குக் கம்ப்ரஷன்னா என்னன்னே தெரியாது. எங்கேருந்து வந்துச்சு அந்தப் பத்து புள்ளி ரெண்டு? எனக்குத்தான் எல்லாம் கொழம்புதோ என்னவோ. வயசாகுதுல்ல.

பெரியப்பா உன் பிஸ்டனத் தொடவே இல்ல. அவரோட பிஸ்டன தினமும் தொடச்சு வைக்கறாரு.

பெரியம்மா

*

ஏப்ரல் 15

பெரியம்மாவுக்கு வணக்கம்.

தாமதத்துக்கு மன்னியுங்கள். வேலை அதிகம்.

பெரியப்பா பெட்டி மேல் எழுதிய இரண்டு எண்களையும் வைத்துப் பின்னோக்கிக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். இரண்டும் ஒரே இடத்தில் போய் நிற்கின்றன. குழி முப்பத்தெட்டு என்றால் அவர் எழுதியது இரண்டுமே சரி. வாய்க்கு வந்ததை எழுதுகிறவருக்கு இரண்டு எண் அப்படிப் பொருந்தாது. நாலு நாளாக இதையே யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

ஒரு உதவி செய்யுங்கள். அக்கா மகளின் பழைய பால் பாட்டில் வீட்டில் இருந்தால், அதில் நூறு கோடு வரை அதே சிரிஞ்சால் தண்ணீர் விட்டு எத்தனை ஊசி என்று எழுதுங்கள். சிரிஞ்சில் கோளாறு இருக்கிறதா என்று தெரியும். நீங்கள் செய்வதை ஒன்று விடாமல் எழுதுங்கள். எது எடுத்தீர்கள், எது முதலில், எது பிறகு, எல்லாம்.

மகன்

*

ஏப்ரல் 24

அன்புள்ள கண்ணுக்கு,

ஆசீர்வாதம். வேலை அதிகம்னாலும் சாப்பாட்ட விட்டுடாத.

ஒண்ணு விடாம எழுதச் சொன்ன, எழுதறேன். படிக்கற உன் தலையெழுத்து. காலையில குளிச்சேன். பெரியப்பாவுக்கு மாத்திரை குடுத்தேன். பால் பாட்டிலத் தேடினேன், பரண்ல இருந்துச்சு, வெந்நீர் விட்டுக் கழுவினேன். மேசையில வச்சேன். மேசை ஆடுதுன்னு காலுக்கடியில அட்டைய மடிச்சு வச்சேன். சிரிஞ்சுல தண்ணிய அஞ்சு கோடு வரைக்கும் இழுத்தேன். முதல் ஊசி சாமிக்கு. அப்புறம் ஒண்ணு, ரெண்டுன்னு எண்ணிக்கிட்டே போனேன். நூறு கோட்டத் தொடும்போது பத்தொம்பது. பத்தொம்பது அஞ்சு தொண்ணூத்தஞ்சு.

பாத்தியா அநியாயத்த! நூறுன்னு கோடு போட்டு தொண்ணூத்தஞ்சுதான் பிடிக்குது. பால் குடிக்கற பச்சப்புள்ளையக் கூட ஏமாத்துறானுங்க. யார்கிட்ட புகார் குடுக்கணும், உனக்குத் தெரியுமா?

முதல் ஊசி சாமிக்குன்னா வெளிய ஊத்திட்டேன்னு நெனச்சுக்காத. எதையும் வீணாக்க மாட்டேன். அதே பாட்டில்லதான் விட்டேன், எண்ணிக்கையில சேக்கல, அவ்வளவுதான். மாவோ, சக்கரையோ, எண்ணெயோ, எத அளந்தாலும் முதல் அளவு சாமி பேருல போயிடும். என் அம்மா பழக்கினது. ஹெட்டு குழிக்கும் அப்படித்தான் செஞ்சேன். நாலுக்கும். சாமி காரியத்துல ஒண்ணுக்குச் செஞ்சு இன்னொண்ணுக்கு விடலாமா?

ஞாயித்துக்கெழமைக்கு இன்னும் ஒம்பது நாள்தான் இருக்கு.

பெரியம்மா

*

ஏப்ரல் 28

என் அருமைப் பெரியம்மாவுக்கு,

பால் பாட்டில்காரர் மேல் புகார் கொடுக்காதீர்கள். அவர் நல்லவர்.

ஒவ்வொரு குழியிலும் சாமிக்குப் போன ஊசி அஞ்சு மில்லி. முப்பத்திமூன்றோடு அஞ்சு சேர்த்தால் முப்பத்தெட்டு. ஹெட்டை யாரும் சீவவில்லை. தட்டைப் பிஸ்டனோடு சேர்த்தால் ஒன்பது புள்ளி இரண்டு. தெருவில் ஓட்ட இதைவிடப் பொருத்தம் கிடையாது. நான் அனுப்பிய பிஸ்டனைப் போட்டிருந்தால் எட்டு புள்ளி நாலுக்கு விழுந்து, மேடு கண்டால் முனகிக்கொண்டு நின்றிருக்கும்.

அஞ்சு சேர்த்துக்கொள்ளச் சொன்னாரே, அவர் காபி கேட்கவில்லை பெரியம்மா.

சின்ன வயதில் லீவுக்கு வரும்போது, "ஏன் பெரியம்மா காபி இப்படித் தித்திக்குது?" என்று கேட்பேன். "ரெண்டு ஸ்பூன்தான்டா போட்டேன்" என்பீர்கள். பெரியப்பா பேப்பரால் முகத்தை மூடிக்கொண்டு சிரிப்பார். அந்தச் சிரிப்பு இப்போதுதான் எனக்குப் புரிகிறது.

அவருடைய பிஸ்டனையே போடச் சொல்லுங்கள். அக்காவுக்கும் இன்றைக்கே எழுதிவிட்டேன். அவளுக்கு இது என் இரண்டாவது கடிதம்.

உங்கள் மகன்

*

மே 11

அன்புள்ள கண்ணுக்கு,

பெரியம்மா, பெரியப்பா ரெண்டு பேரோட ஆசீர்வாதமும். இந்தத் தடவ நெசமாவே நல்லா இருக்கோம்.

உன் கடுதாசி வெள்ளிக்கெழம வந்துச்சு. படிச்சிட்டு நான் ஷெட்டுக்குப் போயி, தாள்ல முப்பத்திமூண அடிச்சிட்டு முப்பத்தெட்டுன்னு எழுதிக் காட்டினேன். அவரு பாத்தாரு. "அட லூசே"ன்னாரு. எவ்வளவு தெளிவா வந்துச்சு தெரியுமா? அவரு வாயால திட்டு வாங்கி ஏழு மாசம் ஆச்சு. எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு.

ரெண்டே நாள்ல பூட்டிட்டாரு. ஞாயித்துக்கெழம டைல்ஸ்காரர் டேப்பப் பிடிச்சுக்கிட்டு செவுத்த அளக்கறாரு, இந்தப் பக்கம் ரொட்டிக்காரர் வேன்ல உக்காந்து சாவியத் திருப்பறாரு. ரெண்டு இருமல் இருமிச்சு, அப்புறம் புடிச்சுது. பூனைக்குட்டிங்க நாலாபக்கமும் ஓடிச்சு. வண்டியில ரொட்டித் தட்டு அத்தனையும் ஏத்தி, உன் அக்காவும் பெரியப்பாவும் முன்னால உக்காந்து, தண்ணித்தொட்டி மேடு வரைக்கும் போயிட்டு வந்தாங்க. சாதாரண பெட்ரோல்தான். தட்டலையாம், முனகலையாம். ரொட்டிக்காரர் சொல்றாரு: "வண்டி மேட்டுல போகுதா, தரையில போகுதான்னே தெரியலம்மா!"

உன் அக்கா எறங்கி வந்து, "எவ்வளவுப்பா?"ன்னு கேட்டா. "ஒம்பது ரெண்டு"ன்னாரு. அப்புறம் டைல்ஸ்காரர்கிட்ட போயி, "அண்ணே, மன்னிச்சுக்கங்க, இந்த எடம் காலி இல்ல"ன்னு சொல்லிட்டா.

அவ கைப்பையில உன் கையெழுத்துல ரெண்டு கடுதாசி இருந்துச்சு. முதல் கடுதாசிய எடுத்து எங்கிட்ட நீட்டினா. கண்ணாடி இல்லடின்னு சொல்லிட்டேன். மூக்கு மேலதான் இருந்துச்சு. எங்கிட்ட முதலாவது எப்பவுமே எண்ணிக்கையில வராது, உனக்குத்தான் தெரியுமே.

சாமிகிட்டயும் பேசிட்டேன். சக்கரை, மாவு பழையபடியே. என்ஜினுக்கு மட்டும் சாமி ஊசியையும் எண்ணித்தான் ஆகணும்னு சொல்லியிருக்கேன். கோவம் வந்த மாதிரி தெரியல.

வேற என்னவெல்லாம் மறக்கறாருன்னு கேட்டிருந்தியே, நான் பூனைக்குட்டியப் பத்தி எழுதினேன். பிப்ரவரியில ஒரு நாள் காலையில காபி குடுக்கும்போது, "நீங்க யாரும்மா, இங்க எப்ப வேலைக்கு வந்தீங்க?"ன்னு கேட்டாரு. அப்புறம் ரெண்டு தடவ கேட்டிருக்காரு. என் பேரு இன்னும் அவருக்கு வரல. யார்கிட்டயும் சொல்லல, இப்பத்தான் உங்கிட்ட எழுதறேன். ஆனா கண்ணு, பேரு போச்சு, மொகமும் சில நாள் போயிடுது, நான் முதல் அளவ எண்ண மாட்டேங்கறது மட்டும் அவருக்குப் போகல பாத்தியா.

உடம்பப் பாத்துக்கோ. லீவு கெடைச்சா வா. மணி அஞ்சாகப் போகுது, அவருக்குக் காபி போடணும். அவரு கேட்டதே இல்ல, ஆனா ரெண்டு பேருக்கும் பழகிப்போச்சு.

உன் பெரியம்மா